பருவா நின்ற தெரு

எண்ணெய்க்காரத் தெருவில் பருவா முதன்முதலாக வந்து நின்ற காலையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்துவிட்டது. மணி ஐந்தரை. தெருமுனையில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த ஜெயராணிதான் முதலில் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வட்டத் தொப்பி, மூக்கிலும் கன்னத்திலும் அப்பிய வெள்ளைக் களிம்பு, முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து, மேற்கே தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறெதுவும் இல்லாத திசையை உற்றுப் பார்த்துக்கொண்டு ஒருவர் சாக்கடையோரம் நின்றார். அவருடைய குதிகாலுக்குப் பின்னால், நகராட்சிக் குழாயிலிருந்து சவரிமுத்துவின் டிவி ரிப்பேர் கடை வரைக்கும், மைதானங்களில் எல்லைக்கோட்டுக்குப் போடும் விளம்பரம் எழுதிய திண்டு வளைந்து கிடந்தது.

"தம்பி, ஓரமா நில்லுங்க, தண்ணி லாரி வர்ற நேரம்" என்றாள் ஜெயராணி.

அவர் திரும்பி, கேலரியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குக் கையசைப்பதுபோல ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் அவளுக்கு முகம் தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய போனிலும் அந்தக் குரல் இருந்தது. அதை அவளும் அவளுடைய அண்ணன் மகன் உட்பட நாலு பேருக்கு அனுப்பியிருந்தாள்.

அந்தக் குரல் பால்வண்ணனுடையது.

சாத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பால்வண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. கிரிக்கெட் மட்டையைப் பிடித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் சவரிமுத்து கடை முன்னால் போட்டிருக்கும் பெஞ்சில் அவன் வந்து உட்கார்ந்தால்தான் மேட்ச் தொடங்கியதாக அர்த்தம். ரிப்பேராகி ஆள் வந்து எடுத்துப்போகாத டிவிகள் அந்தக் கடையில் எப்போதும் ஏழெட்டு இருக்கும்; எல்லாவற்றிலும் ஒரே ஆட்டத்தைத்தான் சவரிமுத்து ஓடவிடுவார். எட்டு டிவியில் எட்டுத் தடவை ஒருவன் அவுட் ஆகும்போது, கூடியிருக்கிறவர்கள் டிவியைப் பார்க்கமாட்டார்கள், பால்வண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயைப் பார்ப்பார்கள். அவன் வாய்க்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட். முதல் டெஸ்டின் கடைசி நாளில் ஜெயிக்க ஒரு விக்கெட் பாக்கி இருக்கும்போது, ஸ்லிப்பில் நின்ற திகந்த பருவா, அஸ்ஸாமிலிருந்து அணிக்கு வந்த முதல் பையன் என்று ஒரு காலத்தில் எல்லோரும் கொண்டாடியவன், கைக்கு நேராக வந்த கேட்சைத் தரையில் போட்டான். ஆட்டம் போயிற்று.  கடை முன்னால் எல்லாரும் பால்வண்ணனைப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னான்: "பரு வந்தா மூணு நாள்ல தானா போயிரும்யா. இந்தப் பருவா வந்து மூணு வருசமாச்சு, டீம் மூஞ்சியவே கெடுத்துக்கிட்டு நிக்கிறான். கிள்ளவும் முடியல, மருந்து போடவும் முடியல. இந்த மூஞ்சிய இவனே எப்படிய்யா கண்ணாடில பாக்குறான்? இதுக்குப் பெத்தவ எப்படிய்யா சோறு போடுறா?"

யாரோ அதைப் போனில் பதிவு செய்தார்கள். நாற்பது வினாடிதான். மத்தியானத்துக்குள் விருதுநகர் போனது, சாயங்காலம் மதுரை, மறுநாள் சென்னை, அதற்கடுத்த நாள் துபாயிலிருக்கும் பால்வண்ணனின் மச்சான் கூப்பிட்டு, "மாப்ள, இங்க கேம்ப்ல எல்லாப் பயலும் உங்க குரலத்தான் கேக்குறான்" என்றான். பால்வண்ணன் இரண்டு நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கடைக்குப் போனான்.

இரண்டாவது டெஸ்டில் கேப்டன் பருவாவை ஸ்லிப்பிலிருந்து எடுத்து, கண்ணில் படாத தூரத்துக்கு, எல்லைக்கோட்டோரம் ஃபைன் லெக்குக்கு அனுப்பினார். கேப்டனுக்குக் கண்ணில் படாத அந்தத் தூரம் எண்ணெய்க்காரத் தெருவாக இருந்தது.

ஓர் ஓவர் அவர் தெருவில் நிற்பார். ஆறு பந்து முடிந்ததும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேற்கே தொட்டியைப் பார்த்து நடப்பார். நாலாவது வீட்டைத் தாண்டும்போது அங்கே இருக்கமாட்டார். அடுத்த ஓவர் டிவியில் மிட் ஆஃபில் நிற்பது தெரியும். அதற்கடுத்த ஓவருக்குத் திரும்ப வருவார். தெரு இந்தக் கணக்குக்கு இரண்டே நாளில் பழகிக்கொண்டது. தண்ணீர் லாரிக்காரர் முனையில் நிறுத்திவிட்டு, "எத்தனாவது பால்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கோலம் போடுகிறவர்கள் அவர் இல்லாத ஓவரில் பாதியும் அடுத்து இல்லாத ஓவரில் மீதியுமாகப் போட்டார்கள். ஏழரைக்கு அங்கே மதிய உணவு இடைவேளை என்றால் இங்கே ஜெயராணியின் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். போகிற மனுசனை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று அவள் இலையில் நாலு இட்லி வைத்து நீட்டுவாள், அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நடப்பார். டிவியில் அவர் எதையோ மென்றுகொண்டு பெவிலியனுக்குப் படியேறுவதைப் பார்த்துவிட்டு அவள் அன்று முழுக்க யாரிடமும் எரிந்து விழவில்லை. கவுன்சிலர் ஆள் வைத்துச் சாக்கடையைத் தூர்வாரினார். எட்டு வருசமாக மனுக் கொடுத்தும் நடக்காத காரியம் அது.

இத்தனையும் அன்பினால் செய்ததாக வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். தெருக்காரர்களுக்குத் தெரியும், எல்லோருடைய போனிலும் அந்த நாற்பது வினாடி இருந்தது. ஒவ்வொருவராக யாரும் பார்க்காதபோது அதை அழித்தார்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் அந்தக் களிம்புக்குக் கீழே அவருடைய கன்னம் முழுக்கச் சின்ன வயதுப் பருக்கள் விட்டுப்போன குழிகள் இருந்தன, அது டிவியில் தெரிந்ததே இல்லை. சவரிமுத்து எட்டு டிவியிலும் சத்தத்தைக் குறைத்துவிட்டார். முன்னெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள் இப்போது, "பருவா தம்பி மாதிரி ஃபீல்டிங் பண்ண இந்தியாவுலயே ஆள் கிடையாதுய்யா" என்று தெருவே கேட்கும்படி சொன்னார்கள். தமிழ் தெரியாத மனுசனுக்குக் கேட்கும்படி தமிழில் புகழ்ந்தார்கள். அவர் மேற்கே பார்த்தபடியே நின்றார்.

அதே தெருவில் குடியிருந்தும் பால்வண்ணன் முதல் மூன்று நாளும் பருவா வருவதற்கு முன்பே ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டான், பெஞ்சுப்பக்கம் வரவில்லை. நாலாவது நாள் சவரிமுத்து ஜெராக்ஸ் கடைக்கே போய்விட்டார்.

"ஏன்யா ஒளிஞ்சுக்கிட்டு கிடக்க? அவருக்கு நீ யாருன்னா தெரியப்போகுது?"

"ஒளியல அண்ணாச்சி. டோனர் தீந்துபோச்சு, அதான் வேலை."

"பூனாவுல நாலு வருசம் இருந்தவன் நீ. அவரு ஏதோ கேக்குறாரு, எங்களுக்கு இந்தி விளங்கல. வந்து என்னன்னு கேளு."

மூன்றாவது டெஸ்டின் முதல் நாள் அவன் போனான். பெஞ்சில் உட்காராமல் கடைக்குள்ளே, பழுதான டிவி ஒன்றுக்குப் பின்னால் நின்றுகொண்டான். ஜெயராணி அவனைக் கையைப் பிடித்து இழுத்துவராத குறையாக வெளியே கூட்டிவந்தாள், "வர்றேன், வர்றேன், விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு பந்துக்கு நடுவில் பருவா திரும்பினார். அண்ணன் என்பதற்கு அவர் ஊரில் சொல்லும் தாதா என்ற சொல்லோடு, மெதுவான இந்தியில் கேட்டார்.

"தாதா, இங்கே என் பேரைச் சொல்லும்போது எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் பாஷையில் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?"

தெரு நின்றுவிட்டது. சொம்பில் தண்ணீர் மொண்டவள் மொண்டபடியே நின்றாள். இந்தி தெரியாதவர்களுக்கும் அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. பால்வண்ணன் ஜென்மத்தில் முதல்முறையாக வாயில் சொல் வராமல் நின்று, பிறகு சொன்னான்: "உண்டு. பருவம் என்று ஒரு சொல். மழைக்காலம், வெயில்காலம், விதைக்கிற காலம். தன் நேரத்துக்குத் தானே வருவது. அதுதான்."

பருவா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல அர்த்தம்" என்றார். பந்து வீச்சாளர் ஓடி வரத் தொடங்கியிருக்க வேண்டும், குனிந்து முழங்காலில் கையூன்றிக்கொண்டார்.

"என்னய்யா சொன்ன?" என்றார் சவரிமுத்து.

பால்வண்ணன் தமிழில் சொன்னான். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். "பொழைச்சோம்" என்றாள் ஜெயராணி. பால்வண்ணனும் அப்படித்தான் நினைத்தான்.

அந்த டெஸ்டில் பருவா எண்பத்தாறு ரன் எடுத்தார், கடைசி நாளில் தெருக் குழாயடியிலிருந்து ஒரே எறியில் ஒருவனை ரன் அவுட் செய்தார், இந்தியா ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டிக் கேட்டார்கள், இவ்வளவு ஏச்சுக்கு நடுவில் எப்படி ஆடினீர்கள் என்று. பருவா சிரித்துக்கொண்டு, "தமிழ்நாட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவர் பாஷையில் என் பேருக்குப் பருவம் என்று அர்த்தமாம். தன் நேரத்துக்குத் தானே வருவதாம். அதை நினைத்துக்கொண்டு ஆடினேன்" என்றார்.

எட்டு டிவியில் எட்டுப் பருவாக்கள் அதைச் சொன்னார்கள். கடை முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்நாடு முழுக்கச் சிரித்தது. அவர் சொன்னதையும் பால்வண்ணனின் நாற்பது வினாடியையும் ஒட்டவைத்து யாரோ ஒரு வீடியோ செய்தார்கள். அவர் "பருவம்" என்று சொன்னவுடன் பால்வண்ணன் குரல், "பரு வந்தா மூணு நாள்ல" என்று தொடங்கும். முதலில் பரவியதைவிட அது பத்து மடங்கு பரவியது. பழைய குரலை அழித்தவர்களுக்கெல்லாம் புதிதாக அது வந்து சேர்ந்தது.

அந்த வாரம்தான் பால்வண்ணனின் மகள் பொற்கொடி டியூஷனுக்குப் போவதை நிறுத்தினாள். பதினொன்றாம் வகுப்பு. தலைவலி என்றாள், பிறகு வயிற்றுவலி என்றாள், நாலாம் நாள் வெறுமனே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பால்வண்ணன் அதட்டினான், கெஞ்சினான். அவன் மனைவி மரகதம்தான் அடுப்படியிலிருந்து வந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவளை டியூஷன்ல என்னன்னு கூப்பிடுறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? பருவான்னு கூப்பிடுறாங்க. உள்ள வரும்போதே உங்க குரலைப் போட்டு விடுறாங்க."

பால்வண்ணன் மகளைப் பார்த்தான். அவன் தினமும் பார்க்கிற முகம்தான். நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் தாடையிலும் பருக்கள் சிவந்து சிவந்து கிடந்தன, ஒரு வருசமாக. அவன் அவற்றை ஒருநாளும் பார்த்ததில்லை, அவை இருக்கிற முகத்தை மட்டும் பார்த்திருந்தான்.

"அவங்களுக்கு அது எங்க அப்பான்னு தெரியாதுப்பா" என்றாள் பொற்கொடி சுவரைப் பார்த்தபடியே. "தெரிஞ்சிருமோன்னுதான் பயமா இருக்கு."

அவன் வெளியே வந்து, தெருக் குழாயடியில் கை கழுவினான். கையில் அழுக்கு ஏதும் இல்லை. திரும்பவும் கழுவினான்.

நாலாவது டெஸ்டின் இரண்டாவது நாள் காலையில், பல் துலக்கி, குளித்து, திருநீறு பூசி, பெண் பார்க்கப் போகிறவனைப் போலச் சட்டை போட்டுக்கொண்டு, பால்வண்ணன் எல்லைத் திண்டுக்கு இந்தப்பக்கம் வந்து நின்றான். பருவாவுக்கும் அவனுக்கும் இரண்டு முழம் இடைவெளி. தெருவே வாசலில் நின்றது.

"தம்பி" என்றான். பிறகு இந்தியில் சொன்னான். "அன்றைக்கு நான் சொன்ன அர்த்தம் பொய். எங்கள் பாஷையில் பரு என்றால் முகத்தில் வருவது. அதை வைத்து ஒருவன் உங்களைக் கேவலமாகப் பேசினான், யாரோ பதிவு செய்தார்கள். அது ஊரெல்லாம் போயிற்று. பேசியவன் நான்தான். உங்கள் அம்மாவையும் சேர்த்துப் பேசினேன்."

பந்து வீசப்பட்டது. ஒன்றும் இந்தப்பக்கம் வரவில்லை. பருவா நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் தாதா" என்றார். "அணியில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் போட்டுக் கேட்டார்கள், நான் உள்ளே வந்ததும் நிறுத்தினார்கள். அர்த்தம் என்ன என்று கேட்டு வாங்கினேன். அப்புறம் ஹோட்டல் அறையில் அதைத் தினமும் கேட்டேன். முதல் நாள் நீங்கள் இங்கே வந்து பேசியபோதே குரல் தெரிந்துவிட்டது."

"பிறகு ஏன் கேட்டீர்கள்?"

"நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கத்தான். நீங்கள் சொன்ன அர்த்தம் அதைவிட நன்றாக இருந்தது. அதனால் அதை வைத்துக்கொண்டேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அத்தோடு விட்டிருந்தால் போதும். பால்வண்ணனால் விட முடியவில்லை. ஒருவன் தன்னைத் திட்டாமல் விடுவதைத் தாங்க அவனுக்குப் பழக்கமில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, எல்லைத் திண்டைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைத்து, பருவாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. என் மக வீட்டுல படுத்துக் கிடக்கா. ஒரே ஒரு வார்த்தை."

தமிழிலேயே சொன்னான், இந்தி அப்போது வரவில்லை. "தாதா, விடுங்கள், பந்து" என்றார் பருவா. சவரிமுத்து, "விடுய்யா, விடுய்யா" என்று கத்தினார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, விடிந்த வானத்தில் சிவப்பாக அது ஏறிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்து ரன் அடித்து யாராலும் அசைக்க முடியாமல் நின்றவன் தூக்கி அடித்த பந்து. பருவா கையை உருவிக்கொண்டு ஓடினார், ஜெயராணியின் அடுப்பைச் சுற்றி, கோலத்தின் மேல் மிதிக்காமல் தாண்டி, முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்தார். விரல் நுனியில் பட்டது. பட்டுச் சாக்கடையில் விழுந்தது.

 அவர் எழுந்து, சாக்கடைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து, கால்சட்டையில் துடைத்து எறிந்தார். வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. ஓவர் முடிந்தது. மேற்கே நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு டிவியிலும் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவர் கிளம்புவதற்கு முன்னால் அரை வினாடி, யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல, தடுமாறுவது தெரிந்தது. பிடித்தவன் படத்தில் இல்லை. "ஏன் இவ்வளவு லேட்டாகக் கிளம்பினார்? கவனம் எங்கே இருந்தது?" என்று கேட்டார் வர்ணனையாளர். பதில் தெரிந்த அத்தனை பேரும் எண்ணெய்க்காரத் தெருவில் இருந்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. யாரிடம் போய் எப்படிச் சொல்வது? அடித்தவன் மேலும் தொண்ணூறு ரன் எடுத்தான். ஆட்டம் போயிற்று. ஐந்தாவது டெஸ்டுக்குப் பருவாவை எடுக்கவில்லை.

ஐந்தாவது டெஸ்டின் முதல் காலை ஜெயராணி ஐந்து மணிக்கே இலையைக் கழுவி வைத்தாள். தண்ணீர் லாரி முனையில் நின்றது. ஆறு மணி வரைக்கும் திண்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. "ஏம்மா, நான் உள்ள வரலாமா?" என்று லாரிக்காரர் கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். சவரிமுத்து அன்று டிவி எதையும் போடவில்லை, ரிப்பேர் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை பால்வண்ணன் மகளை மதுரையில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான். வர மாட்டேன் என்றவள், அப்பா ஒன்றும் பேசாமல் வாசலில் அரைமணி நேரம் செருப்போடு நின்றதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். துப்பட்டாவை முகத்தில் சுற்றி, கண் மட்டும் தெரிய ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் சாத்தூரைத் தாண்டியதும் பின் சீட்டில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாவதாகவோ நாலாவதாகவோ அது வந்தது. "பரு வந்தா மூணு நாள்ல தானா போயிரும்யா." பையன்கள் சிரித்தார்கள். முன் சீட்டில் இருந்த பெரியவரும், கூடை வைத்திருந்த அம்மாளும், கண்டக்டரும் சிரித்தார்கள். பொற்கொடி துப்பட்டாவை இன்னும் மேலே இழுத்தாள்.

பால்வண்ணன் எழுந்தான். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி, "அந்தக் குரல் என்னோடதுதான்" என்றான்.

 "அண்ணே, சும்மா சொல்லாதீங்க" என்றான் ஒருவன்.

"சத்தியமா நான்தான். சாத்தூர், எண்ணெய்க்காரத் தெரு. நான் பேசினது தப்புன்னு சொல்லத்தான்..."

"டேய், அதே வாய்ஸ்டா! மேட்ச் ஆகுதுடா!"

பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். போன்கள் அவன் பக்கம் நீண்டன. "அண்ணே, நீங்கதானா அது! எங்க ஹாஸ்டல்ல நீங்கன்னா உயிருண்ணே." "அண்ணே, ஒரே ஒரு தடவை நேர்ல சொல்லுங்கண்ணே." கண்டக்டர், "சொல்லுங்க சார், கேப்போம்" என்று டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்தார். பெரியவர் நன்றாகத் திரும்பிக்கொண்டார். கூடைக்கார அம்மாள் இப்போதே சிரித்துவிட்டாள்.

பால்வண்ணன் வாயைத் திறந்தான். தெருவில் வந்து நின்ற மனுசனைப் பற்றி, கையைப் பிடித்ததைப் பற்றி, சாக்கடையில் விழுந்த பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் திறந்தான். ஆனால் எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் எதைச் சொன்னாலும் அவர்கள் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூடினான். பஸ் குலுங்கியது. கம்பியைப் பிடித்தபடி நின்றான். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, போன்கள் நீண்டபடியே இருந்தன.

பொற்கொடி அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கப்பா."

உட்கார்ந்தான். அவள் துப்பட்டாவை முகத்திலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின் சீட்டில், "வெக்கப்படுறாருடா" என்று ஒருவன் சொன்னான். பிறகு வீடியோவை முதலிலிருந்து, இன்னும் சத்தமாகப் போட்டார்கள். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, விருதுநகர் வரைக்கும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே போனார்கள்.